உங்களுக்குத் தெரியுமா? வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வீட்டிலும் சிலருக்கு காசநோய் மருத்துவமனையான சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சளியில் கிருமி நீங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. அப்படியானால் சானடோரியம்தானே மேல்? அவசரப்படக் கூடாது. இரண்டும் சமம் என்றே முதலில் வைத்துக்கொண்டு, வெறும் தற்செயலால் இவ்வளவு இடைவெளி வர எத்தனை வாய்ப்பு என்று கணக்கிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் சுமார் எண்பது பேர் என்றால் அது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. வழக்கமான வரம்போ இருபதில் ஒன்று. ஆகவே சமம் என்ற கருதுகோளைத் தள்ள முடியவில்லை. தள்ள முடியாததாலேயே அது நிரூபணம் ஆகிவிடாதே என்பது நியாயமான ஆட்சேபம். இதோடு, வீட்டில் நோய் தொற்றுகிறதா என்று அறிய நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு கண்காணித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு நோய் கூடவில்லை. இன்று காசநோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.