ஒரே வாசல், இரண்டு கட்டணம்

ஜவ்வாது மலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி என்றால் பெரும்பாலும் மலை இறங்குவதுதான். போளூர் வழியாகத் திருவண்ணாமலை, இல்லையென்றால் திருப்பத்தூர், வேலூர். கீழே போனதும் பலகைகளில் அரசு, உதவி பெறும், தன்னாட்சி, சுயநிதி, நிகர்நிலை என்று வரிசையாகச் சொற்கள். இவற்றைத் தரப்பட்டியலாக எடுத்துக்கொள்ளும் பெற்றோர் அதிகம். ஆனால் ஆசிரியர் சம்பளம் யார் கொடுப்பது, கேள்வித்தாள் யார் தயாரிப்பது, பட்டம் யார் வழங்குவது என்பதைத்தான் இவை சொல்கின்றன.

திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியைப் பாருங்கள். சலேசிய சபையினர் 1951இல் தொடங்கியது. 1987இல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் பொறுப்பு. பட்டச் சான்றிதழில் இருப்பதோ திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பெயர். தன்னாட்சி என்ற சொல்லுக்கும் ஃபீஸுக்கும் சம்பந்தமே இல்லை.

ஃபீஸைத் தீர்மானிப்பது வேறு. உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில், அரசு சம்பளம் தரும் பாடப்பிரிவுகளோடு அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. வாசல் ஒன்று, பெயர் ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். அதனால் "உங்க காலேஜ்ல ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்பதில் பயனில்லை. "இந்த பி.காம். எய்டடா, செல்ஃபா?" என்று கேட்க வேண்டும். சாமை அறுத்து, புளி விற்று வந்த பணம் மூன்று வருஷத்துக்குக் காணுமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தக் குழப்பம் இல்லை.

பொறியியல் வேறு கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பழங்குடியினர் நலப் பள்ளியும் வனத்துறைப் பள்ளியும் இதில் சேரும். கவுன்சலிங்கில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியானாலும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்கில் வருவதில்லை. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலை ஆன வேலூர் வி.ஐ.டி.யில் அட்மிஷன் தனி. அரசுப் பள்ளியில் மாவட்ட அளவில் முதலிடம் பிடிப்பவர்களை இலவசமாகச் சேர்க்கும் திட்டம் அங்கே உண்டு. மற்றவர்கள் கட்டணத்தை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

பழங்குடிப் பிள்ளைகள் எங்கே விண்ணப்பித்தாலும் பழங்குடியினர் சான்றிதழ் கையில் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அதற்கு நாளாகலாம்; ஆகவே ரிசல்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கல்லூரி மட்டுமே வழியல்ல. ஐ.டி.ஐ.யை மட்டம் தட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதில் இரண்டு வருஷப் படிப்பை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே இரண்டாம் ஆண்டு. சுற்று வழிதான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.