ரோபோ போட்டிக்கு பசங்களை கூட்டிப்போறீங்களா? கோச் கையை கட்டிக்கணும்!

பள்ளிக்கூட பசங்களை முதல் முறையாக ரோபோ போட்டிக்கு கூட்டிப்போகும் ஆசிரியர்கள் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாள் நெருங்கியதும் பதறிப்போய் ரோபோவை தாங்களே செய்து, புரோகிராமும் எழுதி மாணவர் கையில் கொடுத்து விடுகிறார்கள். போட்டி அன்று காலையிலேயே குட்டு உடைந்து விடும்.

உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016-ல் இறுதிப்போட்டி டெல்லியில் நடந்தது. இதன் ரோபோமிஷன் பிரிவில் அணிக்கு 2 அல்லது 3 மாணவர்கள், ஒரு கோச். உலக இறுதிப்போட்டிக்கு ரோபோவை கழற்றி உதிரி பாகங்களாகத்தான் கொண்டுபோக வேண்டும். குறிப்பு எதையும் பார்க்காமல் அங்கேயே கோர்க்க வேண்டும். கோச் வெளியேதான் நிற்பார். போதாக்குறைக்கு அன்று காலையில் புதிதாக ஒரு விதியும் சொல்வார்கள். வாத்தியார் எழுதிய புரோகிராமை பையன் எப்படி மாற்றுவான்? திருதிருவென முழிப்பான்.

அதனால் பயிற்சியிலேயே கடிகாரம் வைத்து கழற்றி, கோர்த்து பழக விட வேண்டும். நீளம், அகலம், உயரம் 25 சென்டி மீட்டரை தாண்டக்கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒயரையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

நேத்து ஓடுச்சே சார்!

புது அணிகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். '2 வினாடி ஓடு' என்று புரோகிராம் எழுதினால், முழு சார்ஜில் ரோபோ தாண்டிப்போகும். சார்ஜ் குறைந்தால் பாதியில் நிற்கும். நேரத்தை விட்டுவிட்டு, சக்கரம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று எழுதினால் இந்த தொல்லை வெகுவாக குறையும். சக்கரத்தில் தூசி ஒட்டினாலும் வழுக்கும். ஓட்டும் முன் துடைத்து விட வேண்டும்.

கோட்டை பார்த்து ஓடும் ரோபோவுக்கு வெளிச்சமும் வில்லன். வகுப்பறை வெளிச்சம் வேறு, போட்டி அரங்க வெளிச்சம் வேறு. அங்கே போனதும் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சென்சாரில் மறுபடி அளந்து புரோகிராமில் மாற்றிக்கொள்ள வேண்டும். இதையும் மாணவர்தான் செய்யணும்.

கெட்டிக்கார பையன் ஒருத்தனே லேப்டாப்பை பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளை என்றால் நோட்டு எழுத உட்கார வைத்து விடுவார்கள். போட்டி அன்று அவனுக்கு காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது! மூன்று பேருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் அவசரம் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு போட்டி களமும் வேலையும் மாறும். அந்த ஆண்டின் விதிமுறை புத்தகத்தை படிக்காமல் பெற்றோரிடம் பணம் வசூலித்து கிட் வாங்குவது வீண். அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகள் முதலில் அங்கே பூட்டிக்கிடக்கும் அலமாரியை திறந்து பார்க்கலாம்.