கறை நல்லது என்று சொன்னவர்

கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் சர்ஃப் எக்செல் பாக்கெட் வாங்குகிறவரிடம் ஆர்.பால்கி யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ‘கறை நல்லது’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும். சேற்றில் விழுந்து அழும் தங்கைக்காக அந்தச் சேற்றையே குத்திப் புரட்டி மன்னிப்புக் கேட்க வைக்கும் பொடியனை மறக்க முடியுமா?

அழுக்கு நல்லது என்பது யூனிலீவர் உலகம் முழுக்கக் கொண்டுபோன கருத்து. அதை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தது லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தில் பால்கி தலைமையில் இயங்கிய குழு. அதுவரை சோப்புத்தூள் விளம்பரம் என்றால் இரண்டு வெள்ளைச் சட்டைகளைத் தூக்கிக் காட்டி எது பளிச் என்று கேட்பார்கள். இவர்கள் கறை பட்ட காரணத்தைக் காட்டினார்கள். காரணம் தெரிந்த பிறகு எந்த அம்மாவுக்கு அடிக்கக் கை வரும்?

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பெங்களூருவில் வளர்ந்தவர் பால்கி. கணினிப் படிப்பை முடிக்காமல் முத்ரா விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து லிண்டாஸ், கடைசியில் அதன் தலைவர் நாற்காலி. ஐடியா செல்பேசிக்காக வந்த ‘வாட் ஆன் ஐடியா சர்ஜி’ வரிசையும் அவர் லிண்டாஸில் இருந்த காலத்தில் பிறந்ததுதான். சாதிச் சண்டை நடக்கும் ஊரில் இனி பெயரே வேண்டாம், செல்பேசி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பார் அபிஷேக் பச்சன். ஊரில் சாதி அப்படியே இருக்கிறது. ஐடியாதான் 2018இல் வோடபோனோடு கலந்துவிட்டது!

வேலையை விடாமலேயே சினிமாவுக்கும் வந்தார். 64 வயது சமையல்காரர் 34 வயதுப் பெண்ணைக் காதலிக்கும் ‘சீனி கம்’ 2007இல் வெளியானது. அமிதாப் பச்சன், தபு நடித்த அந்த இந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா. ‘மௌன ராகம்’ பாட்டின் மெட்டு அதில் இந்தி பேசியது. 2009இல் ‘பா’. அப்பா அமிதாப்பை மகன் அபிஷேக்குக்கு மகனாக்கிய படம். அமிதாப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. வாய் பேசாத தனுஷுக்கு அமிதாப் குரல் கொடுத்தது ‘ஷமிதாப்’ (2015). மனைவி கௌரி ஷிண்டே இயக்கிய ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படத்துக்கு இவரும் ஒரு தயாரிப்பாளர். அதன் தமிழ் வடிவில் அஜித் தலைகாட்டியது நினைவிருக்கலாம்.

இந்தக் கதைகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கேட்டதும் ‘அட!’ என்போம். விளம்பரம் தந்த பயிற்சி அது. பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அரை நிமிடத்துக்குப் போதுமான ஒரு யோசனையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும்போது, ‘ஷமிதாப்’பும் அவருடைய இன்னொரு படமான ‘கி அண்ட் கா’வும் இடைவேளைக்குப் பிறகு மூச்சு வாங்கின.

2016இல் லிண்டாஸை விட்டு விலகினார். அடுத்து எடுத்த ‘பேட்மேன்’ (2018), மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்க்கையை ஒட்டியது. கோவைக் கதைதான், ஆனால் படத்தில் ஊர் மத்தியப் பிரதேசம், நாயகன் அக்ஷய் குமார்.

பக்கத்தில் இளையராஜா, கேமராவுக்குப் பின்னால் பி.சி.ஸ்ரீராம், கையில் கோவைக்காரரின் கதை. இத்தனையும் இருந்தும் பால்கி நேரடியாக ஒரு தமிழ்ப் படம் இயக்கவில்லை. எப்போது சார் எடுக்கப்போகிறீர்கள்?