கப்பிப் பாடம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையிற் கப்பியைப் பற்றிக் கற்பித்தவன் நான். கரும்பலகையில் ஒரு வட்டம். அதன்மேல் ஒரு கயிறு. கீழே ஒரு பாரம். அசையுங் கப்பி ஒன்றாயின் முயற்சி பாதியாகும். ஆனாற் கயிற்றை இருமடங்கு தூரம் இழுத்தல் வேண்டும். இதனை மனனஞ் செய்து புள்ளி பெற்ற மாணவர் பலர். அப்பாடத்தின் பொருளை நான் உள்ளபடி உணர்ந்ததோ ஓய்வு பெற்ற பின்னர், துணுக்காய்ப் பகுதியில், என் தமக்கையார் வீட்டு முற்றத்திலேதான்.

தமக்கையாரின் மகன் பழைய லாண்ட் றோவர் ஒன்று வைத்திருக்கின்றான், 'டிபெண்டர்' வகை. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் உலகின் பார்வைக்கு வந்த வண்டியின் வழித்தோன்றல் அது. அப்பழைய அமைப்பின் உற்பத்தி 2016 சனவரியுடன் நின்றுபோயிற்று. அதன் முன்புறத்தில் உருக்குத் தகட்டாலான கனத்த பம்பரையும், கயிறு சுருட்டி இழுக்கும் மின்சார வின்ச் ஒன்றையும் பூட்டப்போவதாக அவன் சொன்னபோது எனக்குச் சினமே மூண்டது.

"இந்தக் காசுக்கு வீட்டுக் கூரையை மாத்தலாமே" என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. திண்ணையில் இருந்த தாயாரின் வலக்கையை ஒருமுறை பார்த்தான், அவ்வளவே.

அப்பார்வையின் பொருளை நான் அறிவேன். 2021ஆம் ஆண்டு மார்கழி மழையில், விடியுமுன், அக்கா பாரிசவாதத்தால் விழுந்தார். குளக்கட்டு வளைவிலே வண்டி அச்சுவரை புதைந்தது. நான்கு சில்லுகளும் சுழன்றன. சுழலச் சுழலச் சேறு ஆழமாயிற்று. உழவு இயந்திரமொன்று வந்து மீட்க மூன்று மணி நேரமாயிற்று. மூளையின் இரத்தக் குழாயை அடைக்குங் கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் ஏற்றினாற்றான் பயனுண்டு. பெரிய ஆஸ்பத்திரியை அடைந்தபோது அவ்வேளை கடந்திருந்தது. உயிர் தப்பியது, வலக்கை மீளவில்லை.

ஆகவே வாய்மூடி, வேலையைப் பார்க்கலானேன்.

முதலில் வின்சின் வலுவைக் கணித்தான். பாரங்களோடு கூடிய வண்டியின் நிறையை ஒன்றரையாற் பெருக்க வேண்டுமாம். 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ. சேறு பிடித்திழுக்கும் எதிர்ப்பையும் எண்ணி, 12,000 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 5,440 கிலோ இழுக்கும் பொறியை வாங்கினான். அந்த வலுவும் உருளையிற் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது மாத்திரமே கிட்டும். அடுக்குகள் ஏற ஏற ஆரை கூடும், இழுவை குறையும். "ஏன் மாமா? நீங்கள் படிப்பிச்சதுதானே" என்றான். கணிதத்தில் அவனுக்கு நான் இட்ட புள்ளிகள் நினைவுக்கு வந்தன, பேசாதிருந்தேன்.

அடுத்தது பம்பர். வெளித்தோற்றத்துக்கு அது ஓர் இரும்புப் பலகை. ஆனால் வின்ச் இழுக்கும் விசை முழுவதையும் தாங்குவது அதுவே. எனவே, வண்டியின் மெல்லிய உடற்றகட்டிலன்றி, சட்டகத்தின் இரு நீள்வளைகளிலேயே அதனைப் பூட்டினான். பொருத்திய போல்ட்டுகளின் தலையில் 8.8 என்ற இலக்கம் இருந்தது. கடையில் மலிவாகக் கிடைத்த சாதாரணமானவற்றை வேண்டாமென்று திருப்பிவிட்டான். வளையாத பம்பர் வழிப்போக்கர்மேற் பட்டாற் கொடிது என்று விளிம்புகளையும் உருட்டித் தேய்த்தான். காற்றுப்பை உள்ள புதிய வண்டியாயின் அதற்கென அமைந்த பம்பரையே பூட்ட வேண்டுமென்றும், இல்லையேற் பை விரிய வேண்டிய கணம் பிசகிவிடக்கூடுமென்றும் சொன்னான். முன்புறத்திற் கூடிய பாரத்துக்காக வில்லுச் சுருள்களையும் மாற்றினான்.

முழுப் பாரத்தில் இத்தகைய மோட்டார் 400 அம்பியரளவு மின்னோட்டத்தை உறிஞ்சும். வண்டியின் மின்பிறப்பாக்கி தருவது அதிற் சிறு பங்கே. ஆதலால் தடித்த கம்பிகள் நேரே பற்றரிக்குச் சென்றன. இடையில் இணைப்பைத் துண்டிக்கும் ஆளி ஒன்று. இழுக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இடையிடையே மோட்டாரை ஆறவிடவும் வேண்டும்.

உருக்குக் கம்பிக்குப் பதிலாகச் செயற்கை இழைக் கயிற்றையே தெரிந்தான். இழுபட்ட உருக்குக் கம்பி அறுந்தாற் சாட்டைபோல் மீண்டு ஆளையே கொல்லும். இழைக் கயிற்றில் அவ்வாபத்துக் குறைவு. குறைவேயன்றி இல்லையென்பதன்று. எக்கயிறாயினும் அதன்மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட வேண்டும். எவரும் அதனைக் கடந்து நடத்தல் ஆகாது.

அடுத்த மாரியில் அதே குளக்கட்டு வளைவிற் சோதனை. அக்கா தானும் வருவேனென்று அடம்பிடித்தார். அயலவரின் உழவு இயந்திரப் பெட்டியில் நாற்காலி வைத்து, கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அவரை இருத்தினோம். மருமகன் வண்டியை வேண்டுமென்றே சேற்றில் இறக்கினான். கரையிலிருந்த மருத மரத்தின் பட்டை வெட்டுண்ணாதபடி அகன்ற வாரொன்றைச் சுற்றி, அதிலே கப்பியைக் கொளுவினான். வின்சின் கயிறு கப்பியைச் சுற்றி மீண்டும் வண்டிக்கே வந்தது. இழுவை இருமடங்கு, வேகம் பாதி. என் கரும்பலகைப் படம், சேறு பூசிக்கொண்டு, என் கண்முன்னே நின்றது.

கம்பியில்லாத கட்டுப்பாட்டுக் கருவியை என்னிடந் தந்துவிட்டு அவன் சுக்கானைப் பிடித்தான். அக்கா இடக்கையை நீட்டினார்.

"இஞ்சை தா, தம்பி."

கொடுத்தேன். மகன் கையசைத்தபோது அழுத்தினார், கைகாட்டியபோது விட்டார். கயிறு விறைத்தது, மரம் அசையவில்லை, வண்டி முழமுழமாகச் சேற்றைவிட்டு மேலேறியது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் அக்கா.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "வார் சுற்றினதிலையிருந்து பதினேழு நிமிசம், அக்கா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவியைத் திருப்பித் தரவும் நெடுநேரம் மனம் வரவில்லை.