கம்பத்தின் உச்சியில் ஒரு பெருக்கி

இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மைப் பரப்பி நின்ற பிதுருதலாகலை, 2,524 மீட்டர் உயர்ந்த, அத்தீவின் தலையாய மலைமுடி. சென்னை நிலையம் 1975இலேயே தோன்றியிருந்தும் அதன் அலைகள் தென்கோடியை எட்டாத காலம் அது. ஆகவே நம் தென்கரையோர வீடுகளின் மாடியில் நெடிய கம்பங்கள் எழுந்தன. உச்சியில் இலங்கையை நோக்கிய பல கோல் அலைவாங்கி. அதனடியில் 'பூஸ்டர்' என எல்லாரும் அழைத்த சிறு பெருக்கிப் பெட்டி.

வழக்கமான கணக்கின்படி அங்கே படம் தெரிந்திருக்கக் கூடாது. அம்மலையுச்சிக்கும் பத்து மீட்டர்க் கம்பத்துக்கும் பொதுவான அலை அடிவானம் ஏறத்தாழ 220 கிலோமீட்டரில் முடிந்துவிடும். இராமேசுவரமோ அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். தூத்துக்குடி சுமார் 350. எஞ்சிய தொலைவுக்கு அலையைச் சுமந்து வந்தது மன்னார் வளைகுடாவின் காற்று. ஈரம் செறிந்த கடற்காற்றின்மேல் உலர்ந்த வெப்பக்காற்று படியும்போது, அலை நேரே விண்ணில் சென்று மறையாமல் புவியின் வளைவை ஒட்டி வளைந்து வரும். அத்தகைய இரவில் படம் பளிச்சென்றிருக்கும். மறுநாள் இரவே திரை முழுதும் வெண்புள்ளி கொட்டும். பழி பூஸ்டர்மேல் விழும். காற்றின் நிலை மாறியதற்கு அது என் செய்யும்?

அவ்வெண்புள்ளிகளின் பிறப்பிடம் வேறு. கடத்திகளுக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைமோதுகின்றன. அதனால் எழும் நுண்ணிய மின்னழுத்தமே இரைச்சல். 1928இல் இயற்பியலர் ஜான்சன் இதனை அளந்து காட்ட, அவருடைய சக ஆய்வாளர் நைக்விஸ்ட் அதற்குரிய கோட்பாட்டை வகுத்தார். இயல்பான வெப்பநிலையில், 75 ஓம் உள்ளீட்டில், 5 மெகாஹெர்ட்சு அகலத்திற்கு இவ்விரைச்சல் ஏறத்தாழ 1.2 மைக்ரோவோல்ட். வரும் குறிகை (சிக்னல்) இதனினும் நூறு மடங்கு இருப்பின் பழைய முறைத் தொலைக்காட்சியில் படம் தெளியும். பத்து மடங்காகச் சுருங்கினால் முகங்கள் புள்ளிகளுக்குள் புதைந்துபோகும்.

பெருக்கி குறிகை, இரைச்சல் இரண்டையும் ஒருங்கே பெருக்குகிறது. போதாக்குறைக்குத் தன் இரைச்சலையும் சேர்க்கிறது. அப்படியாயின் அதனால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் அது அமரும் இடத்தில் இருக்கிறது. அலைவாங்கியிலிருந்து இறங்கும் நெடுவடம் வழியிலேயே குறிகையை உண்டுவிடும். ஆனால் வடத்தின் முடிவிலும் இரைச்சல் அதே அளவில் காத்திருக்கும். ஆகவே இழப்பு நேருமுன் பெருக்கிவிட வேண்டும்.

பொறியாளர் பிரீஸ் 1944இல் தந்த வாய்பாடு இதனை எண்ணால் மெய்ப்பிக்கிறது. வடம் குறிகையாற்றலை நான்கில் ஒன்றாக்குகிறது என்க. பெருக்கம் நூறு மடங்கு. பெருக்கியின் இரைச்சல் காரணி, அதாவது குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை அது கெடுக்கும் மடங்கு, 2. தொலைக்காட்சிப் பெட்டியின் காரணி 5. பெருக்கியைக் கம்பத்தின் உச்சியில் பூட்டினால் முழு அமைப்பின் காரணி ஏறக்குறைய 2.2, அதையே கீழே தொலைக்காட்சியின் அருகில் வைத்தால் 8.2. ஒரே கருவி, ஒரே விலை. இடம் மாறியதால் இரைச்சல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது. மழையிலும் வெயிலிலும் அதைக் கம்பத்தில் ஏற்றியவர்கள் செய்ததே சரி. மேலே தனியாக மின்கம்பி இழுக்கவும் தேவையில்லை; குறிகை இறங்கும் வடத்தின் வழியாகவே நேர்மின்னோட்டத்தை மேலேற்றலாம்.

அண்மையில் வலிய நிலையம் உள்ள ஊரில் கதை தலைகீழ். அங்கே பெருக்கி தன் எல்லையை மீறித் திணறும்; இரண்டு நிலையங்களின் அலைகள் அதற்குள் கலந்து, எவரும் அனுப்பாத புதிய அலைகள் பிறக்கும். தெளிவாக வந்த படமும் கெடும். மறுபுறம், அலைவாங்கியே தொட முடியாத குறிகையை எப்பெருக்கியும் படைத்துத் தராது. அந்நிலையில் கம்பத்தை உயர்த்துவதும், கோல்கள் மிகுந்த அலைவாங்கியை நாடுவதுமே வழி.

எண்ணியல் ஒளிபரப்பில் வெண்புள்ளி மறைந்து, படம் கட்டங்கட்டமாய் உடைந்து ஒரேயடியாய் நின்றுபோகும். எனினும் கணக்கு மாறவில்லை. பெருக்கி வாங்குவோர் உறைமேல் பெரிதாக அச்சிட்ட பெருக்க எண்ணில் மயங்காமல், அதே இரைச்சல் காரணியை டெசிபெல்லில் குறிக்கும் இரைச்சல் எண்ணைத் தேடிப் படிக்கட்டும்; அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நன்று.