உதிரியும் ஓர் அமானிதமே

செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கத்து மக்களுக்குச் சவ்வாது மலை அன்றாடம் காணும் காட்சி. அம்மலையின் மறுபக்கம், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பெற்ற ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியைப் பெங்களூரை அடுத்த ஒசகோட்டையில் உருவாக்கியது.

விண்ணேறும் கருவியைப் பற்றி ஏடுகள் பலவும் எழுதுகின்றன. விண்வெளித் திட்டங்களில் அத்தகைய கருவிகளுக்குத் துணையாக மண்ணிலே வைக்கப்பெறும் உதிரி மின்னணு உறுப்புகளைப் பற்றி எழுதுவோர் அரியர். அவற்றைக் காக்கும் முறையினை ஈண்டுக் காண்போம்.

உதிரி எதற்கு?

விண்கலத்தின் மின்னணுப் பலகைகள் கடைத்தெருவில் கிடைப்பன அல்ல. கதிர்வீச்சையும் கடுங்குளிரையும் தாங்குமாறு, மிகச் சில படிகளே செய்யப்பெறுகின்றன. ஏவுவதற்கு முன் ஒன்று பழுதுற்றால் உதிரி அதன் இடத்தை நிரப்பும். விண்ணில் கோளாறு நேர்ந்தால், மண்ணிலுள்ள இணைப்படியைச் சோதித்தே காரணத்தைத் தேட இயலும். 1989இல் வெள்ளிக் கோளுக்குச் சென்ற மகெல்லன் கலம், வாயேஜர் திட்டத்தில் எஞ்சிய பெரிய ஆண்டெனாவைச் சுமந்து சென்றது.

உழவர் போற்றும் விதைநெல்லைப் போன்றது உதிரி. விதைநெல் கெட்டது விதைக்கும் நாளில்தான் வெளிப்படும். உதிரி கெட்டதும் தேவைப்படும் நாளில்தான் தெரியும். அப்போது அறிந்து பயன் இல்லை.

மூன்று பகைகள்

முதற்பகை நிலைமின்சாரம். ஆடை உரசுவதாலும் நடப்பதாலும் நம் உடலில் மின்னேற்றம் சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் அதன் அதிர்ச்சியை நாம் உணர்கிறோம். நுண்ணிய சில்லுகள் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னேற்றத்திலேயே கெடுகின்றன. சில உடனே கெடாமல் உள்ளே ஊனமுற்று, பின்னொரு நாள் விண்ணில் செயலிழக்கும். ஆகவே, கையாளுவோர் மணிக்கட்டில் நிலத்தோடு இணைந்த பட்டையை அணிகின்றனர். சாதாரண பிளாஸ்டிக் பைக்கு மாறாக, மின்னேற்றத்தைத் தடுக்கும் தனி உறையில் பலகையை வைக்கின்றனர்.

இரண்டாவது ஈரம். காற்றில் ஈரம் மிகுந்தால் உலோகம் அரிக்கப்படும். மிகக் குறைந்தால் நிலைமின்சாரம் பெருகும். எனவே அறையின் ஈரப்பதத்தை நடுத்தரமாக வைத்து நாள்தோறும் குறித்து வருகின்றனர். நெடுங்காலம் வைக்க வேண்டியதை உலர்ந்த நைட்ரஜன் வாயு சூழ்ந்த பெட்டகத்தில் அடைக்கின்றனர்.

மூன்றாவது காலம். தொடாமல் வைத்தாலும் பொருள் மூப்படையும். மின்கலங்கள் வலுவிழக்கும். தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற உலோக இழைகள் தாமே வளர்ந்து மின்சுற்றைக் குறுக்கிணைக்கும். அதனால் மின்கலங்களைத் தனியே குளிரில் வைப்பதும், உதிரியைக் குறித்த காலத்தில் இயக்கிச் சோதிப்பதும், ஒவ்வொரு முறை இணைப்பைப் பொருத்திக் கழற்றுவதையும் ஏட்டில் பதிவதும் கட்டாயமாகின்றன. பதிவேடு இல்லாத உதிரி நம்பத்தகாத உதிரியே.

இரண்டு சான்றுகள்

அமெரிக்காவின் டிரையானா விண்கலம், பயணம் நிறுத்தப்பெற்று, 2001இல் பெட்டகத்தில் வைக்கப்பெற்றது. 2008இல் வெளியே எடுத்துச் சோதித்தபோது அது நல்ல நிலையில் இருந்தது. டிஸ்கவர் எனப் பெயர் மாற்றம் பெற்று, 2015 பிப்ரவரி 11இல் விண்ணேறி, புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 என்னும் இடத்தை அடைந்தது. நம் ஆதித்யா 2024 சனவரி 6இல் சென்றடைந்ததும் அவ்விடமே.

கலிலியோ கலத்தின் கதை வேறு. 1986ஆம் ஆண்டு சேலஞ்சர் விபத்தால் அதன் பயணம் தள்ளிப்போயிற்று. அது லாரிகளில் நெடுந்தொலைவு கொண்டுசெல்லப்பெற்றபோது, குடைபோல் விரியும் ஆண்டெனாவின் மசகுப்பூச்சு அதிர்வினால் தேய்ந்ததென ஆய்வாளர் முடிவு கண்டனர். 1989இல் ஏவப்பெற்ற கலத்தில், 1991 ஏப்ரலில் ஆண்டெனா முழுதும் விரியவில்லை. வியாழன் கோளின் செய்திகள் சிறிய ஆண்டெனா வழியே மிக மெதுவாகவே வந்தன.

நம் நாட்டின் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிய படத்தைக் கண்டு சிலர் நகைப்பர். ஆண்டெனாச் சோதனைக்கு உலோக வண்டி இடையூறு என்பதாலேயே மரவண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. அது 1981இல் விண்ணேறி நன்கு பணியாற்றியது. கையாளும் திறம் செல்வத்தால் வருவதன்று; பொருளின் இயல்பை அறிவதால் வருவது.

நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும் நாளில் குறைவின்றித் தருவதை 'அமானிதம்' என்று நம் பெரியோர் போற்றுவர். பூட்டி வைப்பது மட்டும் அமானிதம் ஆகாது. கெடாமல் காப்பதே அமானிதம். நாளை ஆய்வுக்கூடங்களில் பணியேற்க இருக்கும் மாணவச் செல்வங்கள், உருவாக்குவோர்க்கு நிகரான பொறுப்பு காப்போர்க்கும் உண்டு என்பதை உணர்தல் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியில் உள்ள ஒரு சிறு மின்பலகையிலிருந்தே அப்பயிற்சியைத் தொடங்கலாம்.