‘அது ரத்தத்துலயே இருக்கு!’ன்னு யார் சொன்னது?

அரியர் வெச்சா மாமா சொல்வார், அரட்டை அடிச்சா அத்தை சொல்வாங்க... ‘எல்லாம் ரத்தத்துலயே ஊறிப்போனது!’ உங்க வீட்டுலயும் இந்த டயலாக் ஓடியிருக்குமே? அடுத்த தடவை சொன்னா, அவங்களை ஒரு தேன்பெட்டிகிட்ட கூட்டிட்டுப் போங்க பாஸ். ரெண்டடி தள்ளியே நிறுத்துங்க!

புதுக்கோட்டை மாவட்டம் ஆதனக்கோட்டை பக்கம் எங்க சித்தப்பாவுக்கு முந்திரித் தோப்பு. அதுல நாலு தேன்பெட்டி. பெட்டிக்கு ஒரு ராணி, மத்ததுல பெரும்பாலானவை வேலைக்காரத் தேனீக்கள். ராணி முட்டை போடும். அடை கட்டுறது, புழுவுக்கு ஊட்டுறது, தேன் எடுக்கப் போறது எல்லாம் வேலைக்காரத் தேனீக்களோட வேலை. ராணிக்குன்னு ஸ்பெஷல் ஜீன் இருக்கும்னு நானும் நினைச்சிருந்தேன். கிடையாது! ரெண்டும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருது. புழுவா இருக்கும்போது முதல் சில நாள் எல்லாத்துக்கும் ராயல் ஜெல்லி. அப்புறம் வேலைக்காரிக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாப்பாடு. ராணிக்கு மட்டும் கடைசிவரை ராயல் ஜெல்லி. மெஸ் மாறினா ஆளே மாறிடுது!

2008-ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஜீன்கள் மேல ரசாயன முத்திரை குத்துற ஒரு நொதியைப் புழுக்கள்ல அமுக்கிட்டாங்க. பெரும்பாலானவை ராணியா வளர்ந்துச்சு! ஜீன் அதேதான். எது எவ்வளவு வேலை செய்யுதுங்கறதுதான் மேட்டர்.

அதுக்காக ஜீன் சும்மான்னு அர்த்தமில்ல. நோய் வந்த புழுவைக் கண்டுபிடிச்சு வெளியே தூக்கிப்போடுற குணம் சில தேனீக் கூட்டங்களுக்குப் பரம்பரையா வருதுன்னு 1964-லயே அமெரிக்காவின் ரோத்தன்பூலர் காட்டிட்டார்.

2018 நவம்பர் 16... கஜா புயல். தோப்பே படுத்துடுச்சு. மூணு பெட்டி காலி. மிச்சமிருந்த ஒண்ணுலயும் கைப்பிடி ஈதான். ‘வெளிய போற பெருசு இல்லேன்னா சின்னதே கிளம்பிரும்டா’ன்னார் சித்தப்பா. சாதாரணமா ஒரு தேனீ ரெண்டு, மூணு வாரம் கூட்டுக்குள்ள வேலை பார்த்துட்டுதான் வெளியே போகும். பெரிய தேனீக்களே இல்லாத கூட்டுல, ஒரு வாரக் குட்டியே கிளம்பிடுது. அதோட மூளையில ‘ஃபாரேஜிங்’ங்கற ஜீனும் சீக்கிரமே சுறுசுறுப்பாகிடுதுன்னு 2002-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஜீன் ராபின்சன் குழு கண்டுபிடிச்சது. (ஆமா, அவர் பேரே ஜீன்தான்!)

சித்தப்பா பொண்ணு, எங்க அக்கா, அப்போ பிளஸ் டூ. தோப்பு போனதும் பாதியிலேயே நிறுத்திட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிட்டாங்க. ‘அந்த வீட்டு ரத்தத்துல படிப்பு இல்லப்பா’ன்னு டீக்கடையில தீர்ப்பு எழுதினாங்க.

2012-ல் அமெரிக்காவுல ஒரு சோதனை. தேனெடுக்கப் போனதுங்க திரும்பறதுக்குள்ள, புழு வளர்க்குற தேனீக்களை விஞ்ஞானிகள் கூட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. திரும்பி வந்ததுல ஒரு பகுதி, மறுபடியும் புழுவுக்கு ஊட்ட உட்கார்ந்துடுச்சு. மூளையில ஜீன்கள் மேல இருந்த முத்திரைகளும் பல இடங்கள்ல பழையபடி மாறியிருந்துச்சு. போன பாதை ஒன்வே இல்ல!

தோப்புல இப்போ ஆறு பெட்டி. போன வருஷம் அக்கா தனித்தேர்வரா பிளஸ் டூ எழுதினாங்க. தமிழ்ல என்னைவிட 11 மார்க் அதிகம்... டீக்கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தது நான்தான்!